உலோகத்தைப் பற்றும் நிறமி: செம்பரம்பாக்கத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஏரியும் அதன் நீரும்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி, 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. அதன் உபரி நீர் அடையாற்றில் இறங்கிக் கடலைச் சேர்கிறது; தேங்கும் நீரோ, அருகிலேயே அமைந்துள்ள, நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரைச் சுத்தி செய்யவல்ல நிலையத்தின் வழியாகச் சென்னை மக்களின் குடிநீராகிறது. மேற்கேயுள்ள சிற்றேரிகளின் உபரி நீர், ஜமீன் கொரட்டூர் அணையில் கூவத்திலிருந்து பிரிந்து புதிய பங்காரு கால்வாய் வழியே வரும் நீர், பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாயில் வரும் கிருஷ்ணா நீர் ஆகிய எல்லாம் இங்கே ஒன்றுகூடுகின்றன. இத்தனை திசைகளிலிருந்து நீரைப் பெறும் ஓர் ஏரி, அத்தனை திசைகளிலும் மனிதர் செய்கிற தொழில்களின் சுவடுகளையும் பெறக்கூடும் என்பது தர்க்க ரீதியாகவே பெறப்படும் விஷயம். அண்மைக் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை முதலிய இடங்களில் தொழிற்பூங்காக்கள் பெருகியிருப்பதால் அந்தத் தர்க்கம் இன்னும் கூர்மையடைகிறது.

ஏரி நீரைக் குடிநீராக்கும் முறை நெடுங்காலமாக வழக்கிலுள்ளதே: படிகாரத்தைக் கலந்து கலங்கலைத் திரளச் செய்தல், திரண்டதைத் தொட்டியில் படியவிடுதல், மணற்படுகையில் வடிகட்டுதல், குளோரினால் கிருமி நீக்குதல். மண்ணையும் கிருமியையும் அகற்றுவதில் இம்முறை மிகவும் சமர்த்தானது. ஆனால் நீரில் கரைந்து அயனிகளாக நிற்கும் உலோகங்களைப் பிடிப்பதற்கென்று அது வகுக்கப்பட்டதன்று. அவற்றில் ஒரு பகுதி திரளோடு ஒட்டிக்கொண்டு வெளியேறக்கூடும். மீதி, கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாமல் குழாயோடு வீடு வந்து சேரும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராமும், குரோமியம் 0.05 மில்லிகிராமும், காட்மியம் 0.003 மில்லிகிராமும், பாதரசம் 0.001 மில்லிகிராமும் என்ற எல்லைகளைத் தாண்டலாகாது. செம்பரம்பாக்கத்தின் நீர் இந்த எல்லைகளைத் தாண்டிவிட்டது என்று குற்றஞ்சாட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தாண்டாமல் காப்பதற்கு விஞ்ஞானம் அண்மையில் முன்வைத்துள்ள ஓர் உபாயத்தை, அதாவது பாக்டீரியாக்கள் தம் உடலில் உண்டாக்கும் நிறமிகளைக் கொண்டு நீரிலுள்ள உலோகங்களைப் பற்றி எடுக்கும் முறையை, அதன் சக்தியையும் அதன் எல்லையையும் சேர்த்தே பரிசீலிப்பதுதான் நோக்கம்.

அழிவற்ற அழுக்கு

சாக்கடையில் கலக்கும் உயிர்ப்பொருள், காற்றும் வெயிலும் நுண்ணுயிரும் சேர்ந்து உழைத்தால் சில நாட்களில் சிதைந்து நிர்மூலமாகிவிடும். உலோகம் அப்படியன்று; அது தனிமம்; அதை எந்த உயிரும் தின்று தீர்க்க முடியாது. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கும், நீரிலிருந்து சேற்றுக்கும், சேற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனித உடலுக்கும் அது இடம் மாறுமேயன்றி இல்லாமற் போவதில்லை. ஆகவே உலோகத்தைப் பொறுத்தவரை ‘சுத்திகரிப்பு’ என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் இடமாற்றமே. எங்கிருந்து எடுக்கிறோம், எடுத்ததை எங்கே வைக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லாத எந்த முறையும் பூரணமான முறையாகாது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பிரத்தியட்சமான உதாரணம் உண்டு. பாலாற்றங்கரையிலுள்ள ராணிப்பேட்டையில், தோல் பதனிடும் தொழிலுக்கும் பிறவற்றுக்கும் வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை, 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை வெட்டவெளியில் குவித்துவைத்துவிட்டுப் போயிற்று. ஆலை நின்றுவிட்டது, ஆனால் மழை நிற்கவில்லை. ஒவ்வொரு மழையிலும் அந்தக் குவியல் கரைந்து, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மஞ்சள் நிறத்தோடு நிலத்தடி நீரில் இறங்கியது. உற்பத்தி ஓய்ந்து வருஷங்கள் பல கடந்த பின்னும் அதன் விளைவு ஓயவில்லை. இதே பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில்தான், 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் அங்கம் என்று தீர்ப்பளித்தது.

சென்னையின் மேற்குப் புறநகரில் பிரச்சினை அவ்வளவு பெரிய குவியலாகக் காட்சி தருவதில்லை. அது சிறு சிறு பட்டறைகளாகச் சிதறிக் கிடக்கிறது. 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும், திருகாணி, கொக்கி, வாகன உறுப்பு முதலியவற்றுக்குத் துத்தநாகமும் நிக்கலும் குரோமும் பூசிக் கொடுக்கும் பிளேட்டிங் பட்டறைகள் உண்டு. அம்பத்தூரின் வடிநீர் செம்பரம்பாக்கத்துக்கு வருவதில்லை. அது கொரட்டூர் ஏரிப் பக்கமும் கூவத்தின் பக்கமும் இறங்குவது. தங்கள் ஏரியில் தொழிற்பேட்டைக் கழிவும் சாக்கடையும் கலப்பதை எதிர்த்துக் கொரட்டூர்வாசிகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று முறையிட்ட கதை நகரம் அறிந்ததே. அதே வகைத் தொழில்கள் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கையில், கொரட்டூரின் அனுபவம் செம்பரம்பாக்கத்துக்கு முன்னெச்சரிக்கையாக அமைய வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஒரு பட்டறையில் நடப்பதைச் சற்று அருகில் சென்று காண்போம். முலாம் ஏறிய உருப்படியைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது அதன் மேற்பரப்பில் உலோக உப்புக் கரைசல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அடுத்த தொட்டியிலுள்ள நல்ல நீரில் முக்கியெடுக்கும்போது அந்தப் படலம் கழுவுநீரில் சேருகிறது. பட்டறையின் உலோகக் கழிவில் பெரும்பகுதி இந்தக் கழுவுநீர்தான். முறைப்படி நடக்கும் பட்டறையில், குரோமியம் இருக்குமானால் முதலில் அமிலத்தைக் கூட்டி, சோடியம் மெட்டாபைசல்பைட்டைப் போட்டு, ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் கொண்டதாக மாற்றுவார்கள். பிறகு சுண்ணாம்பைச் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்த, உலோகங்கள் ஹைட்ராக்சைடுகளாகத் திரண்டு கசடாகப் படியும். கசடு கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயகரக் கழிவு நிலையத்துக்குப் போகவேண்டும். தெளிந்த நீர் வெளியேறலாம். வெளியேறும் நீர் ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளில் கலப்பதானால், அதில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமையும், ஈயம் 0.1 மில்லிகிராமையும், செம்பு 3 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் எல்லை. சுண்ணாம்பு முறை மிகுதியான உலோகத்தை மலிவாக வீழ்த்தவல்லது. ஆனால் எஞ்சி நிற்கும் சிறு பங்கை அகற்றுவதில் அதன் சாமர்த்தியம் குன்றிவிடுகிறது. அந்தக் கடைசிச் சிறு பங்கே நிறமிகளின் பிரவேசத்துக்கு ஏற்ற இடம்.

நிறத்தின் பின்னே இருப்பது

பாக்டீரியாவின் நிறம் மனிதர் கவனத்துக்கு வந்தது அண்மையிலன்று. 1819இல் இத்தாலியின் பாதுவா நகரை அடுத்த கிராமமொன்றில், சோளக்களி இரத்தம் தோய்ந்ததுபோல் சிவந்துவிட்டதைக் கண்டு ஜனங்கள் அஞ்சியபோது, பார்தொலோமியோ பிஸியோ என்ற மருந்தியலாளர் அதை ஆராய்ந்து, அந்தச் சிவப்பு ஓர் உயிரின் வேலை என்று காட்டி, அதற்குச் செர்ராஷியா என்று பெயரிட்டார். அதன் சிவப்பு நிறமி இன்று புரோடிஜியோசின் எனப்படுகிறது. 1882இல் கார்ல் ஜெஸ்ஸார் என்ற பிரெஞ்சுக்காரர், புண்ணின் சீழைச் சில வேளை நீலமாக்குவது சூடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவின் நிறமி என்று கண்டார். இவையெல்லாம் வெகுகாலம் வரை பாக்டீரியாவை அடையாளம் காண்பதற்கான குறிகளாக மட்டுமே கருதப்பட்டன. அவை அந்த உயிருக்கு எதற்காக என்ற வினா பிற்பாடுதான் எழுந்தது.

அந்த வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று நம் விஷயத்தோடு நேராகத் தொடர்புடையது. காற்று கலந்த சாதாரண நீரில் இரும்பு ஏறக்குறையக் கரைவதே இல்லை. ஆனால் இரும்பின்றிப் பெரும்பாலான நுண்ணுயிர்கள் வாழ இயலாது. இந்த நெருக்கடியைச் சமாளிக்கச் சூடோமோனாஸ் ஃபுளூரெசென்ஸ் போன்றவை, புற ஊதா ஒளியில் மஞ்சட்பச்சையாக ஒளிரும் பயோவெர்டின் என்ற நிறமியைத் தம்மைச் சுற்றியுள்ள நீரில் சுரந்து விடுகின்றன. அது இரும்பு அயனியைத் தேடி அபாரமான இறுக்கத்தோடு கவ்விக்கொண்டு திரும்பி வர, உயிரணு அதை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. ஆக, இங்கே நிறம் அலங்காரமன்று. உலோகத்தைப் பற்றுவதற்காகவே இயற்கை வகுத்த ஒரு கருவியின் புறத்தோற்றம். இரும்புக்கென்று அமைந்த இந்தக் கை, சற்றே தளர்ந்த பிடியோடு செம்பையும் அலுமினியத்தையும் வேறு சில உலோகங்களையும் பற்றவல்லது. புரோடிஜியோசினும் செம்போடு கூடும் இயல்புடையது.

எனினும், நீரைத் தூய்மை செய்யும் பிரயோகத்துக்கு மிக உகந்ததாக இன்று கருதப்படுவது இவற்றினும் எளிய, எங்கும் பரவிய ஒரு நிறமி: மெலனின். நம் தோலுக்கும் மயிருக்கும் கருமை தருவதும், கணவாய் மீன் உமிழும் மையில் இருப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை, செம்பைத் தன் மையத்தில் தாங்கிய டைரோசினேஸ் என்ற நொதி ஆக்சிஜனேற்றம் செய்ய, விளைபொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய, ஒழுங்கற்ற மூலக்கூறாகத் திரள்கின்றன. அந்த மூலக்கூறின் மேனி முழுதும் கார்பாக்சில், பீனாலின் ஹைட்ராக்சில், அமீன் முதலிய தொகுதிகள் நிறைந்துள்ளன. நேர் மின்னேற்றம் கொண்ட உலோக அயனிகள் வந்து அமர்வதற்கான ஆசனங்கள் அவையே. மூளையின் நடுப்பகுதியிலுள்ள நரம்பணுக்களின் மெலனின் இரும்பைச் சேர்த்துவைத்திருப்பதும் இந்தக் குணத்தாலேயே. அதோடு, மெலனினுக்கு எலக்ட்ரானை ஈயும் சுபாவமும் உண்டு. ஆகவே அமிலத்தன்மை மிக்க நீரில் ஆறு இணைதிறன் குரோமியத்தை அது மூன்று இணைதிறன் கொண்டதாகத் தணித்துப் பின் பற்றிக்கொள்ளவும் கூடும். பட்டறையில் மெட்டாபைசல்பைட்டும் சுண்ணாம்பும் இரண்டு தொட்டிகளில் செய்கிற காரியத்தை ஒரே பொருள் ஒரு சிறிய அளவில் செய்து காட்டுகிறது எனலாம்.

ஹைதராபாத்திலும் சூரத்கல்லிலும்

இத்துறையில் நம் நாட்டின் பங்கு அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஹைதராபாத்திலுள்ள இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தார், ஹிப்னியா மஸ்கிஃபார்மிஸ் என்னும் செந்நிறக் கடற்பாசியோடு வாழ்ந்த சூடோமோனாஸ் ஸ்டட்செரி என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, கடல்நீர் கொண்டு அமைத்த ஊடகத்தில், விலையுயர்ந்த டைரோசினைத் தனியாகச் சேர்க்காமலேயே, லிட்டருக்கு 6.7 கிராம் மெலனினை அது உற்பத்தி செய்கிறது என்று 2013இல் வெளியிட்டனர். கர்நாடகத்தின் சூரத்கல்லிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் இதே இனத்தின் மெலனினை எடுத்துக்கொண்டு, செம்பு, ஈயம், ஆறு இணைதிறன் குரோமியம், பாதரசம் ஆகிய நான்கையும் நீரிலிருந்து பற்றும் திறனை அளந்து 2018இல் வெளியிட்டனர். ஒரு கிராம் மெலனின் அதிகபட்சமாகச் செம்பில் 160 மில்லிகிராமுக்கு மேலும், ஈயத்தில் 150 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவும், குரோமியத்தில் 120 மில்லிகிராமுக்கு மேலும், பாதரசத்தில் 80 மில்லிகிராமுக்கு மேலும் ஏற்கும் என்று அவர்கள் கண்டனர். பின்னர் அவர்களே மெலனினைப் பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக் சவ்வின்மேல் பூசி, அதன் வழியே நீரைத் தொடர்ந்து பாய்ச்சியும் பரிசோதித்தனர்.

சவ்வின்மேல் பூசவேண்டிய அவசியம் என்ன என்பதை அறிய, மெலனினைத் தயாரிக்கும் முறையைப் பார்க்கவேண்டும். பாக்டீரியா வளர்ந்த கறுத்த திரவத்திலிருந்து உயிரணுக்களைச் சுழற்றிப் பிரித்த பின், தெளிந்த கருநீரில் அமிலத்தைச் சேர்த்தால் மெலனின் கறுப்புத் தூளாக அடியில் படிகிறது. காரத்தைச் சேர்த்தால் மறுபடி கரைகிறது. இப்படிக் கரைத்தும் படியவைத்தும் அதைத் தூய்மையாக்குவார்கள். தயாரிப்புக்கு அனுகூலமான இந்தக் குணமே பிரயோகத்தில் பிரதிகூலமாகிறது: சுண்ணாம்பு போட்ட பட்டறை நீர் காரத்தன்மையோடு வருவதால், அதில் மெலனினை நேராகக் கலந்தால் அது தானே கரைந்து நீரைக் கறுப்பாக்கிவிடும். எனவே நீரின் காரத்தைச் சற்றே இறக்கிக்கொண்டு, மெலனினையும் ஒரு சவ்விலோ கரித்தூளிலோ நிலைநிறுத்திய பிறகே அதைப் பயன்படுத்த இயலும். மாறாக, அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு ஆசனங்களைக் கைப்பற்றிவிடும். உலோகம் வெளியே நிற்கும். இந்தப் போட்டியே மற்றொரு வகையில் நன்மை பயக்கிறது: உலோகம் நிறைந்த மெலனினை நீர்த்த அமிலத்தால் கழுவினால், பற்றியிருந்த உலோகம் கழன்று சிறு அளவுத் திரவத்தில் அடர்ந்து வந்துவிடும், நிறமியை மீண்டும் உபயோகிக்கலாம்.

உயிருள்ள பாக்டீரியாவையே நீரில் விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். செர்ராஷியாவும், நீலச் சீழ் உண்டாக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும், ஊதா நிறமி தரும் குரோமோபாக்டீரியமும் பலவீனமான உடலில் நோயையும் விளைவிக்கவல்லவை. குடிநீர் ஏரியில் அவற்றுக்கு இடமில்லை. நிறமியை மட்டும் பிரித்து எடுத்துவரும் சிரமம் இந்தக் காரணத்தாலேயே நியாயமாகிறது.

ஏரிக்கா, பட்டறைக்கா?

இனி, இந்த நிறமியை எங்கே வைப்பது என்ற வினாவுக்கு வருவோம். பத்திரிகைச் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். கணக்குக்காக மட்டும், ஏரி நீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் ஈயம் இருப்பதாகவும், அதை 0.01க்கு இறக்க வேண்டியிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரிலிருந்து எடுக்கவேண்டிய ஈயம் சுமார் 21 கிலோகிராம். மெலனின் தன் முழுத்திறனோடு வேலை செய்தால் 140 கிலோகிராம் போதும். ஆனால் ஆய்வகத்தின் அதிகபட்சத் திறன், உலோகம் அடர்ந்த கரைசலில் அளக்கப்படுவது. லிட்டரில் நூறில் ஒரு பங்கு மில்லிகிராம் என்ற அளவில் உலோகம் மெலிந்து கிடக்கையில், அந்தத் திறனில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே திருப்திப்பட வேண்டியதுதான். அப்படியானால் ஒரு நாள் வேலைக்கு 1,400 கிலோகிராம் நிறமி வேண்டும், லிட்டருக்கு 6.7 கிராம் என்ற விகிதத்தில் அதற்கு ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் பாக்டீரியாக் கரைசல் தேவை. மேலும், ஈயத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதியாக நீரிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதே ஆசனங்களுக்காக முண்டியடிக்கும். ஏரியைப் பொறுத்தவரை, இது காரியசாத்தியமான திட்டமன்று.

அதே கணக்கை ஒரு பட்டறை வாசலில் போட்டுப் பார்ப்போம். சுண்ணாம்புத் தொட்டியைத் தாண்டி நாளொன்றுக்கு 5,000 லிட்டர் நீர் வருகிறது, அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் செம்பு எஞ்சியிருக்கிறது, அதை 1 மில்லிகிராமாகக் குறைக்கவேண்டும் என்று கொண்டால், எடுக்கவேண்டியது 20 கிராம் செம்புதான். திறனில் பத்தில் ஒரு பங்கையே கணக்கில் எடுத்தாலும் ஒன்றேகால் கிலோகிராம் மெலனின் போதும். அதை விளைவிக்க வேண்டிய கரைசல் பட்டறைகளில் சாதாரணமாக நிற்கும் 200 லிட்டர் டிரம் ஒன்றில் அடங்கும். அமிலத்தால் கழுவி மறுபடி மறுபடி உபயோகிக்கலாமாகையால் அந்த டிரம்மும் தினந்தோறும் வேண்டியதில்லை. ஒரே நிறமி, ஓரிடத்தில் அசாத்தியமாகவும் மற்றோரிடத்தில் எளிதாகவும் இருப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை: உலோகம் அடர்ந்திருக்கும் இடத்தில் பிடிப்பது சுலபம்; கோடிக்கணக்கான லிட்டரில் பரவிய பிறகு பிடிப்பது கடினம். ஆகவே செம்பரம்பாக்கத்தைக் காப்பாற்றும் முயற்சி செம்பரம்பாக்கத்தில் தொடங்கவே கூடாது. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள ஒவ்வொரு பட்டறையின் வடிகால் வாயிலும் தொடங்கவேண்டும்.

ஆய்வகத்திலிருந்து தெருவுக்கு வரும் வழி நீண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. பரிசோதனைகள் பெரும்பாலும் வடிநீரில் ஓர் உப்பைக் கரைத்துச் செய்யப்படுபவை. பட்டறை நீரிலோ எண்ணெயும் சோப்பும் சில இடங்களில் சயனைடும் கலந்திருக்கும். ஆயினும் அந்த வழி கடக்க முடியாததன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினர், ஆர்சனிக்கை நீக்க இரும்பின் ஆக்சி ஹைட்ராக்சைடைக் கொண்டு உருவாக்கிய ‘அம்ரித்’ முறை, ஆய்வகத்தை விட்டு வெளிவந்து கிராமங்களுக்குக் குடிநீர் தந்திருக்கிறது. அதற்குத் துணை நின்றவை, மலிவான மூலப்பொருளும் எடுத்துக்கொண்ட பிரச்சினையின் தெளிவான வரையறையும். மெலனினுக்கும் அவ்விரண்டும் வேண்டும்: கடல்நீரில் மலிவாக விளைவிப்பது முதலாவது, குடிநீர் ஏரி என்ற பிரமாண்டமான ஆசையை விட்டு, பட்டறைக் கழுவுநீர் என்ற சிறு எல்லைக்குள் நிற்பது இரண்டாவது.

இத்தகைய சிறு எல்லைக்குள் நின்றால் ஒரு பொருளாதார நன்மையும் சித்திக்கிறது. எல்லா உலோகங்களையும் ஒன்றாகக் குழைத்துவிடும் சுண்ணாம்புக் கசடு யாருக்கும் பயன்படாமல் புதைகுழிக்குப் போகிறது. அதைக் கொண்டுபோகவும் பட்டறைக்காரர் பணம் கட்டவேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சித்தான் சிலர் இரவில் மதகைத் திறந்துவிடுகிறார்கள். மாறாக, செம்புக் கழுவுநீரை வேறு தொட்டிகளின் நீரோடு கலக்கவிடாமல் தனியே வைத்து நிறமியின் வழியாகச் செலுத்தி, பிறகு நிறமியைக் கந்தக அமிலத்தால் கழுவினால் கிடைப்பது செம்பு சல்பேட் கரைசல். அமிலச் செம்பு முலாம் தொட்டியில் முதலில் ஊற்றப்பட்டதும் இதே உப்புதான். அதைத் தகுந்தபடி அடர்த்தியாக்கித் தொட்டியில் திரும்பச் சேர்க்க முடியுமானால், விற்ற உருப்படியோடு போகாமல் நீரோடு போன உலோகம் பட்டறைக்கே மீளும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்பது 1996இன் தீர்ப்பு. அந்தச் செலவு அவருக்கே ஓரளவு வரவாகவும் திரும்புமானால், இன்ஸ்பெக்டரின் வருகைக்குக் காத்திராமலே சட்டம் கடைப்பிடிக்கப்படும்.